பன்னிரண்டு கட்டங்களும் என் சிவப்புப் பேனாவும்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. மேடவாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு நாங்கள் குடிவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கீழே நான்கு, முதல் மாடியில் நான்கு, இரண்டாம் மாடியில் நான்கு என்று பன்னிரண்டு வீடுகள். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தேர்தலன்று ஊரில் இல்லாததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் அடுத்த தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். வெள்ளிக் குத்துவிளக்கும் கேஸ் சிலிண்டரும் போயின. எந்த வீடு எத்தனை மணிக்குப் பூட்டிக்கிடக்கிறது என்று முதலில் ஒருவன் நாள்கணக்கில் உட்கார்ந்து குறித்துக்கொண்டு போகிறான், பிறகுதான் ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நானோ கைக்குக் கிடைத்த துப்பறியும் நாவலையெல்லாம் படித்துத் தீர்த்தவன். செயலாளர் பதவி வேறு. கேட்க வேண்டுமா?

எதிர் டீக்கடை பெஞ்சில் அவனைக் கண்டுபிடித்தது நான்தான். இருபது, இருபத்தோரு வயது இருக்கும். ஒல்லி, ஒழுங்கில்லாத தாடி, தோளில் ஜோல்னாப்பை. காலை ஏழு மணிக்கு வருவான். ஒரு டீயை வைத்துக்கொண்டு எங்கள் கட்டடத்தையே பார்ப்பான். மடியிலிருக்கும் நோட்டில் ஏதோ எழுதுவான். மறுபடி பார்ப்பான். ஒன்பது மணிவாக்கில் பஸ் பிடிக்கப் போய்விடுவான். ஒன்பது நாள் என் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவனைக் கவனித்தேன். 'ஏழு ஐந்து: வந்தான். ஏழு இருபது: மாடியைப் பார்த்தான்' என்று நானும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது ஒன்பது நாளும் என் மூளைக்கு எட்டவில்லை.

பத்தாம் நாள் காலை, அவன் வந்து உட்கார்ந்ததும் வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஐந்தே நிமிஷத்தில் அவனைக் கையைப் பிடித்துக் கேட்டுக்குள் கூட்டிவந்துவிட்டார்.

"சார், ஆள புட்ச்சிட்டேன் சார்! நோட்டு கீது, பென்சிலு கீது, எல்லாம் கீது!"

நோட்டை வாங்கித் திறந்தேன். ஒன்பது பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வரிசைக்கு நான்காக மூன்று வரிசைக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பால்கனி. ஒன்றில் ஜன்னல் சாத்தியிருக்கிறது, ஒன்றில் கொடியில் துணி தொங்குகிறது, ஒன்றில் யாரோ பல் தேய்க்கிறார்கள். பக்கத்தின் மூலையில் நேரம்: 7.10. அடுத்த பக்கத்தில் 7.25.

பொருளாளரும் எட்டிப் பார்த்தார். கீழ்த்தளத்தில் கடைசி வீட்டுக்காரர். "இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்? ப்ளான் சார் இது!"

"காமிக்ஸ் சார்" என்றான் அவன். "ஓவியக் காலேஜ்ல ஃபைனல் இயர் படிக்கிறேன். நாளைக்குக் காலைல ப்ராஜெக்ட் குடுக்கணும். அதான் இது."

என் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப்பெட்டி நிறைய காமிக்ஸ் இருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்தது. ஆகவே நிபுணன் என்ற முறையில் கேட்டேன்: "காமிக்ஸ்னா பேசுற பலூன் இருக்கணுமே, எங்க?"

"வசனம் வேணாம்னுதான் சார் வரைஞ்சேன். சின்ன வயசுல பழைய பேப்பர் கடைலேர்ந்து கிழிஞ்ச காமிக்ஸா எடுத்துனு வருவேன். அப்போ படிக்க வராது. படத்த வெச்சே கதைய புரிஞ்சிக்குவேன். உங்க பில்டிங்க பாத்ததும் ஒரு காமிக்ஸ் பக்கத்த நிமித்தி வெச்ச மாதிரியே இருந்திச்சி."

"படம் இல்லாமலே நல்லா கதை சொல்றான்" என்றார் பொருளாளர்.

வீட்டிலிருந்து யாராவது வந்து பொறுப்பேற்றால்தான் நோட்டைத் தருவோம், இல்லாவிட்டால் அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் என்று தீர்ப்பளித்தேன். அம்மா ஒன்பது மணிக்கு இந்தத் தெருவுக்கே வருவார் என்றான். அவர் யார், எதற்கு இந்தத் தெருவுக்கு வருகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவனைக் கேட்டருகே உட்காரவைத்துவிட்டு நோட்டோடு மேலே போனேன்.

அலுவலகத்தில் எனக்கு இருபது வருஷமாகத் தணிக்கைப் பிரிவு. கையில் தாள் வந்தால் சிவப்புப் பேனாவும் தானாக வந்துவிடும். மேல் வரிசையின் முதல் கட்டத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வீட்டு எண் போட்டேன். சாத்திய ஜன்னல்களை வட்டமிட்டேன். 'ஆள் இல்லை?', 'பூட்டியதா, விசாரி' என்று ஓரத்தில் குறிப்பெழுதினேன். நான்காம் எண் கட்டத்தில் மட்டும் எல்லாப் பக்கத்திலும் திரை லேசாக விலகி, உள்ளேயிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட இரண்டு கண்கள் தெருவை உளவு பார்த்தன. நான்காம் எண், பொருளாளரின் வீடு. 'உள்ளே ஒருவன். கூட்டாளி?' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். மனுஷன் கீழே கொஞ்சம் அதிகமாகத்தான் குதித்தார் என்று அப்போது தோன்றியது.

ஆறு பக்கம் முடித்திருப்பேன். கீழே சத்தம் கேட்டது. நோட்டை மேஜையில் போட்டுவிட்டு ஓடினேன். வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, கூடையைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார், எம்புள்ளைய திருடன்னு சொல்லி குந்த வச்சிக்கிறியாமே? மூணு வருசமா உன் வூட்டுக்கு மீன் போட்றேன். எந்த வூடு எப்போ பூட்டிக் கெடக்கும், எந்த வூட்ல வெள்ளி சாமான் கீது, அல்லாம் எனக்குத் தெரியும். திருடணும்னா அவன் இன்னாத்துக்கு நாள் கணக்கா குந்திகினு படம் போடணும்? என்னாண்ட கேட்டா நானே சொல்லிட்டுப் போறேன்!"

தணிக்கையில் இருபது வருஷம் இருந்தும் இவ்வளவு கச்சிதமான வாதத்தை நான் கேட்டதில்லை. வீட்டுக்குள் ஃபோன் அடிப்பதாகச் சொல்லிப் பொருளாளர் போய்விட்டார். கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து தினமும் மீன்கூடையோடு அம்மாவை ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்து, நான்கு தெரு தள்ளி இறக்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகும்வரை டீக்கடையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறான் பையன். அவ்வளவுதான் மர்மம்.

அதற்குள் என் மனைவி நோட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். "மாடி மேலதானேங்க இருக்கும்? நீங்க தலைகீழா நம்பர் போட்டிருக்கீங்க. இது நாலு இல்ல, பன்னெண்டு. நம்ம வீடு. இது நம்ம கர்ட்டன். உள்ள தெரியற கண்ணாடி உங்களோடது. கூட்டாளின்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க."

வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீன்காரம்மா சிரிக்கவில்லை. அவர் பார்வை சிவப்பு மையின் மேலேயே இருந்தது.

"இத்த எப்டிடா நாளைக்கு குடுப்ப?" என்றார் மகனிடம். குரல் அடங்கிப்போயிருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். ஒயிட்னர் கொண்டுவரட்டுமா என்றும் கேட்டேன். இதைவிட மட்டமான ஒரு வாக்கியத்தை நான் வாழ்க்கையில் பேசியதில்லை. அவன் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகியிருக்கிறது. என் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்தான். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தான்.

"மிச்சம் மூணு பக்கத்துல எழுதல போல. அதுலயும் எழுதிக் குடுங்க சார்."

எனக்கு விளங்கவில்லை.

"திரைக்குப் பின்னாடி நிக்கிற ஆளு இன்னா நெனைக்கிறாருன்னு தெரியாமதான் சார் வரைஞ்சினு இருந்தேன். இப்போ அவரே எழுதிட்டாரு. பாதில நின்னா நல்லாருக்காது."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். எதிரே அவன் அம்மா, என் மனைவி, வாட்ச்மேன். சந்தேகப்பட்டபோது ஓடிய பேனா, வெட்கப்படும்போது ஓடவில்லை. இரண்டு முறை அவன் குறுக்கிட்டான்: "மரியாதையா எழுதாதீங்க சார். முன்னாடி எழுதின மாதிரியே எழுதுங்க."

அதன்பின் மீன்காரம்மா எங்கள் வாசலில் கூடையை இறக்கவில்லை. மனைவிதான் தெருவுக்குப் போய் வாங்கிவருவாள். சில மாதம் கழித்து ஒருநாள், பையன் பாஸாகிவிட்டான், கண்காட்சியில் வைத்தபோது எல்லோரும் அந்தச் சிவப்பு எழுத்தைத்தான் நின்று படித்துச் சிரித்தார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

என்னை மன்னித்துத்தான் எழுதச் சொன்னானா, ஊரே பார்க்கட்டும் என்று எழுதவைத்தானா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. எதுவானாலும் நியாயம்தான். ஆனால் தெருவில் அறியாத முகம் ஒன்றைக் கண்டு மனசு தானாக வட்டமிடத் தொடங்கும்போதெல்லாம், என் கையெழுத்தில் அந்தப் பக்கங்கள் இன்னும் எங்கோ இருக்கின்றன, யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறது.