குழாய்த் தடத்துல காடு நட்ட பாடு

இங்கன நான் சொல்லப்போறது அம்புட்டும் சத்தியம். ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும், குத்தாலத்து அருவி இனிமே என் தலையில விழாம ஒதுங்கிப் போவட்டும்.

மரம் நடுத சோலி இருக்கே, அது எப்படின்னா, இன்னைக்கு நாம குனிஞ்சு நட்டுட்டு வருவோம். நாளைக்கு ஊருல உள்ள ஆடு, மாடு, கொரங்கு, மனுசன் எல்லாம் அதைப் பிடுங்குததுக்குன்னே கண்ணு முழிக்கும். வீட்டுப் பொறவாசல்ல ஒரு முருங்கக் குச்சிய ஊனி, அது பட்டுப்போயி, பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்குன ஆளு யாரும் இருக்கியளா? பக்கத்துல வந்து உக்காருங்க. நீங்க நம்ம ஆளு.

என் பேரு சொடலை. படிப்பு கம்மி. வாத்தியாரு ‘அ’ன்னு எழுதிக் காட்டுனாரு, அதுக்கு மேல அவருக்கும் தெரியாதுபோலன்னு நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

நயாபைசா வந்த புதுசுல, தென்காசிக்குக் குடிதண்ணி வேணும்னு மலைமேல ஓடையிலேருந்து இரும்புக் குழாய் இறக்குனாவ. சர்க்கார் காட்டுல மரத்த வெட்டி, லாரி போற அகலத்துக்குத் தடம் போட்டு, நடுவுல தோண்டி, குழாயப் பதிச்சு மூடுனாவ. தோண்டுன கூட்டத்துல நானும் உண்டு. தென்காசிக்காரன் தண்ணி குடிச்சான், நல்லா இருக்கட்டும். ஆனா அடுத்த சாரல் பெஞ்சப்ப, மரமில்லாத அந்தத் தடத்து மண்ணு கரைஞ்சு, அடிவாரத்துல மாடத்தி மைனி வயல்ல வந்து படுத்துக்கிட்டு. நெல்லு நிக்கிற இடத்துல செம்மண்ணும் சரளும். மைனி எனக்குப் பெரியப்பா மவன் பொண்டாட்டி. அண்ணன் செத்த பொறவு அவியளுக்குச் சோறு அந்த வயலுதான்.

மறு வருசச் சாரலுக்குப் புதுசா வந்த ரேஞ்சர் ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு. எங்கள நிக்க வச்சுச் சொன்னாரு: “இந்தத் தடத்துல திரும்பக் காடு புடிக்கணும். ஐப்பசி மழைக்கு மண்ணு நிக்கலேன்னா, மேல உள்ளவங்க இதை லாரி ரோடாவே விட்டுடுவாங்க. கட்டை ஏத்துற காண்ட்ராக்டர் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார்.” லாரி ரோடா ஆச்சுன்னா வருசா வருசம் மண்ணு வரும். மைனி வயலு அம்புட்டுத்தான். அதனால தோண்டுன அதே கையால நடவும் போனேன். மைனியும் நடவுக்கு வந்தாவ. என்னையப் பாத்ததும் அவிய சொன்ன மொதச் சொல்லு: “தோண்டுனதுக்கும் கூலி, மூடுனதுக்கும் கூலி, இப்ப நடுததுக்கும் கூலி. உனக்கு மலை என்ன மாமியார் வீடாலே?”

காடா, வயலா?

மொத நாளு நடுததுக்குத் தேக்குக் குச்சி குடுத்தாவ. பாக்க வெறகுச் சுள்ளி கணக்கா இருக்கும். இலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மண்ணுக்கு மேல ஒரு விரக்கடை தெரியுற மாதிரி ஊனணும், அவ்வளவுதான். ரேஞ்சர் ஐயா, “இடம் விட்டு நடுங்க”ன்னு சொல்லிட்டு செங்கோட்டைக்குப் போயிட்டாரு. எம்புட்டு இடம்னு சொல்லல. நாங்களும் கேக்கல.

மைனி கூட்டியாந்தது பூராவும் வயல்ல நாத்து நடுத பொம்பளைய. சேலையத் தூக்கிச் சொருவுனாவ, வரிசையா நின்னாவ, ஒரு குலவையப் போட்டாவ. அப்பறம் குனிஞ்சு, சாணுக்கு ஒரு குச்சியா ஊனிக்கிட்டே பின்னால நடக்க ஆரம்பிச்சுட்டாவ. வயலு தட்டையா இருக்கும், பின்னால நடக்கலாம். மலை அப்படியா இருக்கு? ஒருத்தி சறுக்குனா, அவ பின்னால நின்ன ரெண்டு பேரும் சேந்து சறுக்கி, மூணு பேரும் உக்காந்த வாக்குல அடிவாரத்துக்கே போயிட்டாவ. ஏறி வந்து விட்ட எடத்துலேருந்து மறுபடியும் நட்டாவ. சாயங்காலம் பாத்தா, மலை பூரா நடவேண்டிய குச்சி ஒரு களத்துமேட்டு அகலத்துல நெருக்கியடிச்சு நிக்குது.

ரேஞ்சர் ஐயா வந்து அதச் சுத்தி ஒரு நடை நடந்தாரு. பொறவு, “ஏம்மா, இது காடா, வயலா?”ன்னாரு. மறுநாளு எல்லாத்தையும் எடுத்து, ஆளு நீளத்துக்கு ஒண்ணா நட்டோம். அளவுக்கோலு நாந்தான். என்னையச் சேத்துல படுக்கப்போட்டு, தலைமாட்டுல ஒண்ணு, கால்மாட்டுல ஒண்ணு. உருண்டு உருண்டு மலை ஏறுன மனுசன் நான் ஒருத்தன்தான். மைனி ஐயாகிட்ட, “அறுப்பு எப்பம்யா?”ன்னு கேட்டாவ. “அறுபது வருஷம் ஆகும்மா”ன்னாரு. மைனி யோசிக்கவே இல்ல: “அப்ப கூலிக்கு வேற ஆளப் பாத்துக்கோங்கய்யா. அந்தச் சமயத்துல எனக்குச் சோலி கிடக்கும்.”

கை கழுவாத கொரங்கு

குத்தாலத்துக் கொரங்கப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா? நாங்க நடுதத பாறை மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சுவ. என்னமோ கடலையத்தான் பொதைக்கானுவன்னு நெனச்சிருக்கும். நாங்க அந்தப் பக்கம் திரும்புனதும், ஒவ்வொண்ணாப் பிடுங்கி, மோந்து பாத்து, சப்புன்னு தூரப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போவுது. நாங்க நட்ட வேகத்த விட அதுக பிடுங்குத வேகம் சாஸ்தி. காட்டுக் காவல் கார்டு காசிம் அண்ணன், தென்காசிக்காரரு, கம்ப வச்சிக்கிட்டு வெரட்டிப் பாத்தாரு. அவரு தொப்பி போனதுதான் மிச்சம்.

மைனிதான் ஒரு தொட்டியில சாணியக் கரைச்சு, குச்சிய அதுல முக்கி நடச் சொன்னாவ. அன்னைக்குப் பிடுங்குன கொரங்கு கையப் பாத்துச்சு. மோந்துச்சு. பாறையில தேச்சுச்சு. திரும்ப மோந்துச்சு. மூஞ்சி போன போக்கப் பாக்கணும், கல்யாணச் சாப்பாட்டுல கல்லக் கடிச்ச சம்பந்தி மாதிரி. ரெண்டு நாளுல பிடுங்குதது நின்னு போச்சு.

ஆனா கை துடைக்க அதுக வேற எடம் கண்டுபிடிச்சிருக்கு. அருவியில குளிக்க வந்த ஒருத்தரு, வெள்ள வேட்டிய மடிச்சுப் பாறை மேல வச்சிருந்திருக்காரு. அஞ்சு வெரலும் பதிஞ்ச வேட்டியத் தூக்கிக்கிட்டு, ஈரத் துண்டோட, எங்க முன்னால வந்து குதிக்காரு. காசிம் அண்ணன் வேட்டிய விரிச்சுப் பாத்து ரொம்ப மரியாதையாச் சொன்னாரு: “அண்ணாச்சி, அது எங்க நடவுல வேலை பாக்குத கொரங்கு. கை கழுவ நேரம் கிடைச்சிருக்காது.”

நாக்கும் வேரும்

கொரங்கு போச்சா, குழாய் ஓவர்சியர் வந்தாரு. குழாய்க்கு நேர் மேல நட்டிருந்தத எல்லாம் அவரு ஆள விட்டுப் பிடுங்கிப் போட்டாரு. வேரு போயி குழாய உடைச்சிருமாம். ரேஞ்சருக்கும் அவருக்கும் பேச்சு முத்திப் போச்சு. கடைசியில, குழாய் மேல ஆழமா வேரு விடாத புல்லுக் கரணை, ரெண்டு பக்கமும் மரம்னு முடிவாச்சு. அது சரிதான்னு எனக்கே பட்டுச்சு. ஆனா வாய் சும்மா இருக்குதா? “ஏன்யா, வேரு குழாய்க்குள்ள பூந்து, தென்காசியில ஒருத்தரு தண்ணி கோரும்போது செம்புக்குள்ள எட்டிப் பாத்துருமோ?”ன்னு கேட்டேன். ஓவர்சியர் குடைய மடக்கிக்கிட்டே சொன்னாரு: “உன் நாக்கு நீளத்துல பாதி வேரு போனாலே போதும்வே, தென்காசியத் தாண்டிரும்.”

சுரண்டை மொதலாளி இறங்குன வழி

எல்லாத்தையும் தாங்கலாம், குளிக்க வாரவியளத் தாங்க முடியாது. மேல உள்ள அருவிக்குப் போவ எங்க தடம் குறுக்கு வழியாம். ஒடம்பு பூரா எண்ணெயத் தேச்சுக்கிட்டு, கோவணத்தோட, கண்ண மூடிக்கிட்டு ஏறுவாவ. நட்ட குச்சி கண்ணுக்கே தெரியாது. ஒருத்தரு மிதிப்பாரு, ஒருத்தரு பிடுங்கி முதுகு சொறிவாரு.

சுரண்டையில மொளகா வத்தல் மண்டி வச்சிருந்த மொதலாளி ஒருத்தரு, நல்ல கனத்த ஒடம்பு, பாதி ஏறுனதும் காலு வழுக்க, கைக்கு எட்டுன தேக்குக் குச்சிய எட்டிப் பிடிச்சாரு. அது ஒரு வெரலு தண்டிக் குச்சி, அவரு ஒரு மூட்டை தண்டி. குச்சி அவரு கூடவே வந்துட்டு. எண்ணெ ஒடம்பு, சேத்து மலை. நாங்க நட்டிருந்த ஒரு வரிசையவே வாரிக்கிட்டு, மைனி வயலு வரப்புல போயித்தான் நின்னாரு. ஓடிப்போயித் தூக்குனோம். அடி ஒண்ணும் இல்ல. குச்சிய மட்டும் விடாம பிடிச்சிருக்காரு. மைனி போன வரிசையப் பாத்துட்டு அழப் போற மாதிரி நிக்காவ. அவரு மூச்ச வாங்கிக்கிட்டுக் கேட்டாரு: “தண்ணி இறங்கக் குழாய் போட்டிருக்கிய, மனுசன் இறங்க ஒண்ணும் போடலியா?”

ஆளுக்கு ஒரு கல்லு

ஆவணி பொறந்துட்டு. சாரல் அடங்கப் போவுது. தேக்குக் குச்சியெல்லாம் ஆனைக் காது மாதிரி இலை விட்டுட்டு. ஆனாலும் மண்ணு பைய நழுவிக்கிட்டேதான் இருக்கு. ரேஞ்சர் ஐயா பாத்துட்டு, “வேர் புடிக்கிற வரைக்கும் மண்ணைத் தாங்க, குறுக்கே வரிசை வரிசையா கல்லு அடுக்கணும்”ன்னாரு. கல்லு கீழ ஓடையில கிடக்கு. தூக்க ஆளு கிடையாது, கூடுதலா ஆளு போட மேல சம்மதிக்கல. அவரு சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. மைனி வயலப் பாத்தாவ. நான் எண்ணெ தேச்சு ஏறுத கூட்டத்தப் பாத்தேன்.

மறுநாளு தடத்து அடியில ஒரு கயித்தக் கட்டிட்டு உக்காந்தேன். “மேல போறியளா அண்ணாச்சி? போங்க. ஆனா எண்ணெய்ய மட்டும் தேச்சா பத்தாதே. அது ஒடம்புக்குள்ள இறங்கணும்னா ஒரு கல்லத் தூக்கிட்டு ஏறணும். வாயு பூரா கழண்டுரும்.” மொத ஆளு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. ரெண்டாவது ஆளு கல்ல எடுத்தாரு. அதப் பாத்த மொத ஆளு திரும்பி வந்து அத விடப் பெரிய கல்லா எடுத்தாரு. எண்ணெ தேச்சு விடுத ஆளுக கிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சேன். அவனுவ எனக்கு மேல. “கல்லு தூக்காட்டி எண்ணெ எல்லாம் தலைக்கு ஏறிரும்”னு கெளப்பி விட்டுட்டானுவ. சுரண்டை மொதலாளி மூணு நாளு தங்கி, தெனமும் ஏறுனாரு. மேல மைனி கூட்டம் கல்ல வாங்கி வாங்கி அடுக்குது. வயல்ல வரப்பு கட்டுன கையி ஆச்சே, வரிசை அசையாம நிக்கி.

ரேஞ்சர் ஐயா ஒருநாள் வந்து பாத்தாரு. பளபளன்னு மின்னுத மனுசங்க எறும்பு சாரையாக் கல்லச் சுமந்துக்கிட்டுப் போறாவ. யாரு சொல்லி இதுன்னு எங்கிட்டக் கேக்கல. என் மூஞ்சியப் பாத்தாலே தெரியும்லா. சுரண்டை மொதலாளிய நிறுத்தி, “எதுக்குய்யா சொமக்குறீங்க?”ன்னாரு. மொதலாளி கல்லத் தோள் மாத்திக்கிட்டு, ஐயா வயித்த ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னாரு: “வாயுக்குங்க. உங்களுக்கும் கொஞ்சம் இருக்க மாதிரித்தான் தெரியுது, வெக்கப்படாம ஒண்ண எடுங்க.” ஐயா குனிஞ்சு ஒரு கல்ல எடுத்தாரு.

ஐப்பசி

ஐப்பசியில மழை சொல்லிட்டா வருது? ராவெல்லாம் கொட்டிட்டு, விடியத்தான் விட்டுச்சு. நாங்க போறதுக்கு முன்னாலயே அடிவாரத்துல காண்ட்ராக்டரோட லாரி நிக்கி. அதுல சாஞ்சிக்கிட்டு அவரு பீடி குடிக்காரு. ரேஞ்சரும் காசிம் அண்ணனும் தடத்துல ஏறிப் போயிப் பாத்தாவ. ஒரு வரிசைக் கல்லு சரிஞ்சிருக்கு. ஒரு தேக்குக் கண்ணு சாஞ்சு கிடக்கு. மிச்சம் எல்லாம் அப்படியே நிக்கி. கல்லுக்குப் பின்னால மண்ணு மெத்தை மாதிரி தங்கியிருக்கு.  

மைனி மேல ஏறவே இல்ல. சேலையச் சுருட்டிக்கிட்டு, தடத்துலேருந்து வயலுக்கு வார வாய்க்கால்ல நேரா இறங்கிட்டாவ. போன வருசம் அந்த வாய்க்கால்ல ஓடுனது தண்ணியில்ல, செங்கலுக்குக் கொழைச்ச மாதிரிச் சேறு. முழங்கால் ஆழத்துல நின்னுக்கிட்டு, தலையக் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருக்காவ. காண்ட்ராக்டரும் எட்டி நின்னு பாக்காரு.  கொஞ்ச நேரங்கழிச்சு மைனி நிமுரவே இல்லாம என்னையக் கூப்பிட்டாவ: “ஏலே சொடலை, தண்ணிக்குள்ள என் கால் வெரலு தெரியுதுலே.”

குழாய்த் தண்ணி தென்காசிக்குப் போச்சு, லாரி வேற மலைக்குப் போச்சு, சுரண்டை மொதலாளிக்கு வாயு எங்க போச்சுன்னு மட்டும் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தகவல் இல்ல.

என்ன, எந்திரிச்சுட்டிய? ஓசியில கதை கேட்டுட்டுப் போவலாம்னு பாக்கியளா? துட்டு வேண்டாம். அன்னைக்குச் சரிஞ்ச அந்த ஒரு வரிசை இன்னும் அரைகுறையாத்தான் நிக்கி. கல்லு கீழ ஓடையில கிடக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு ஏறுங்க. இவ்வளவு நேரம் சிரிக்காம உக்காந்திருந்தவரு மட்டும் ரெண்டா எடுங்க.