தங்கச்சியின் தீவுக்கு ஆறரைப் புள்ளி

ஐம்பது வயசு தாண்டிய பிறகுதான் எனக்கு முதல் தடவையாக வாள் பிடிக்கக் கிடைத்தது. அதுவும் ட்ருகனினா என்கிற புறநகரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மடிக்கணினிக்கு முன்னால், பக்கத்தில் தேத்தண்ணீரோடு. உருவிய வாளை எப்படித் திரும்ப உறையில் போடுவதென்று தெரியாமல் முதல் நாள் முழுக்க அதை நீட்டிப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். எதிரில் வந்த சனம் எல்லாம் ஒதுங்கிப் போனது. நான் மரியாதை என்று நினைத்தேன்.

எல்லாம் என் தங்கச்சியால் வந்தது. அவள் சிட்னியில், கெல்லிவில்லில் இருக்கிறாள். என்னைவிட நல்லாய் இளையவள். ஒரு சின்ன விளையாட்டுக் கம்பனியில் வேலை. விளையாட்டென்றால் பந்தடிக்கிற விளையாட்டு இல்லை. உலகத்தின் நாலு பக்கத்திலும் இருக்கிற ஆட்கள் ஒரே நேரத்தில் இணையத்தில் வந்து, ஆளுக்கொரு வேஷம் கட்டி, மந்திரம் சண்டை என்று கூடி விளையாடுகிற ஒரு கற்பனை உலகம். அதில் மூன்று இடங்கள் கட்டி முடித்திருந்தார்கள்: ஒரு ராசாவின் நகரம், ஒரு டிராகன் குகை, ஒரு தீவு. தீவு தங்கச்சியினுடையது. ராப்பகலாய் இருந்து, முதல் மணலிலிருந்து கடைசி ஓலை வரைக்கும் அவளே செய்தது.

சிக்கல் என்னவென்றால், மூன்றையும் மெருகேற்றி வெளியிட அவர்களுக்கு நேரம் காணாது. ஒன்றைக் கைவிட வேண்டும். எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்க, விளையாட்டு வாசமே தெரியாத சில ஆட்களை உள்ளே விட்டுப் பார்த்து அபிப்பிராயம் கேட்கப்போகிறார்கள். வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டு ஆட்களையும் கொண்டுவரலாமாம்.

"அக்கா, உங்களை மாதிரிச் சரியான ஆள் கிடைக்காது," என்றாள் தங்கச்சி தொலைபேசியில். "உங்களுக்கு இதில ஒரு கோதாரியும் தெரியாது."

"இதென்ன புகழ்ச்சியோ?"

"ஓம். ஆனா எனக்காக ஒண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கோ."

உள்ளதைச் சொல்லு என்று என்னிடம் ஒருவர் கேட்பதா! சர்க்கரைப் பொங்கலைக் காட்டிச் சாப்பிடாதே என்றாலே விடமாட்டேன், சாப்பிடு என்றால் விடுவேனா.

முதலில் விளையாட்டு என்னை ஒரு உருவம் தெரிவு செய்யச் சொன்னது. நீளக் காதுக்காரி, இரும்புச் சட்டைக்காரி, வால் உள்ளவள் என்று வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் இடுப்பு ஒரு சாண். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேடித் தேடி, கட்டையாய், கொஞ்சம் சதைப்பிடிப்பாய், முழங்கையில் பையும் இடுப்பில் வாளும் கொளுவின ஒரு வைத்தியச்சியைக் கண்டுபிடித்தேன். இவர், அதாவது என் வீட்டுக்காரர், பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உம்மையே போட்டோ எடுத்து ஏத்தி வச்சிருக்கினம்," என்றார். அன்றைக்கு இவருக்குப் பழைய கறிதான்.

ராசாவின் நகரத்துக்குப் போனேன். தூண், கோபுரம், கொடி, பளிங்குத் தரை. அழகுதான். ஆனால் ஆரும் ஒருத்தரோடு ஒருத்தர் கதைப்பதில்லை. எல்லாரும் எங்கேயோ ஓடிக்கொண்டே இருந்தார்கள், ரயிலுக்குப் பிந்திவிட்ட ஆட்கள் மாதிரி. வெளியே போகிற வாசலைத்தான் நான் ஊன்றித் தேடினேன், கண்டதும் வந்துவிட்டேன். டிராகன் குகையில் இன்னும் கெதியாய் அலுவல் முடிந்தது. உள்ளே போனேன், அது ஊதியது, செத்தேன். எழும்பிப் போய் அரிசி கழுவிப் போட்டேன்.

பிறகு தீவுக்குப் போனேன்.

தீவு என்றால் மணல்திட்டு. கடல் ஏற ஏற மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த ஊர்ச் சனம் தண்ணீர் வரும்போதெல்லாம் வீட்டோடு இடம் மாறுகிறது. ஆம், வீட்டையே தூக்கிக்கொண்டு. மரத்தால் செய்த வீடு, ஓலைக் கூரை, நாலு மூலையிலும் நாலு கொம்பு. ஒரு மூலைக்கு ஒரு ஆள். தனியாய் எவராலும் தூக்க ஏலாது. முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து, ஒரே அடி வைத்து நடக்க வேண்டும். ஒருத்தர் அவசரப்பட்டால் வீடு சரியும், உள்ளே சாமான் உருளும் சத்தம் கேட்கும். கொல்ல ஒருவரும் இல்லை. வெல்ல ஒன்றும் இல்லை. வீட்டை மேட்டில் இறக்கி வைத்தால், வீட்டுக்காரி வந்து கதவைத் திறந்து உங்களைப் பார்த்துத் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

என்னோடு முதல் வீட்டைத் தூக்கியவர்களில் ஒருவனுக்கு ஓநாய் முகம். மற்ற இருவரும் நீளக் காதுக்காரிகள். எந்த நாட்டு ஆட்களோ, தெரியாது. ஓநாய் ஓட வெளிக்கிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. காதில் மாட்டியிருந்த ஒலிவாங்கியில், "மெல்ல! மெல்ல நட, எருமை!" என்று தமிழில் கத்திவிட்டேன். ஓநாய் நின்றான். பிறகு மூன்று பேரும் நான் சொல்கிற தாளத்துக்கு மெல்ல மெல்ல என்று நடந்தார்கள். அடுத்த வீட்டைத் தூக்கும்போது அவர்களே, "மெல்ல, மெல்ல" என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சந்தோஷம் வேறு. வேலைக்குப் போய் வந்து சாப்பிட்ட கையோடு தினமும் போகத் தொடங்கினேன். இவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தபடி, "இண்டைக்கு எத்தனை வீடு குடிபூரல்?" என்று கேட்பார்.

போகப் போக, பிழைகளும் கண்ணில் படத் தொடங்கின. சரி, எனக்குத்தான் படும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் காணொளியில் கூப்பிட்டார்கள். திரையில் கட்டம் கட்டமாய் முகங்கள். நடுவில் தங்கச்சியின் மேலாளர், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல முகவெட்டு. ஒரு மூலையில் தங்கச்சி, வாயைத் திறக்காமல்.

நகரம் எப்படி என்று கேட்டார்கள். நான் பக்கத்துப் புறநகரான பொயிண்ட் குக்கில் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் இருந்து ஆட்களை வரவேற்கிறவள். பிறத்தியாரோடு எப்படிக் கதைக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. "மிக அருமை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "எவ்வளவு அழகு! செய்தவருக்கு என் பாராட்டுகள்." டிராகன் குகை? "அற்புதம். நெஞ்சு படபடவென்று அடித்தது." ஒரு இளம் பொடியன் கட்டத்துக்குள் வெட்கப்பட்டுச் சிரித்தான். அவன் செய்த குகை போல. பாவம், அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே.

தீவு எப்படி என்றார்கள். நான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குக் குசினி இல்லை, அடுப்படியே இல்லை, என்றேன். குசினி இல்லாத வீட்டை ஏன் தூக்க வேண்டும்? தண்ணீர் வருகுது என்றால் ஒரு பெண் முதலில் எடுப்பது அடுப்புச் சட்டியும் பிள்ளையும். இந்தப் பெண்கள் பூச்சாடியை எடுக்கிறார்கள். தலைமயிரை விரித்துப் போட்டுக்கொண்டு ஆராவது பாரம் தூக்குவார்களா? ஒரு ஆட்டைக் கட்டையில் கட்டியபடியே விட்டுவிட்டு ஊரே போகிறது, அது கத்துகிறது, கேட்பாரில்லை. தூக்கும்போது வீட்டின் இடது பின்மூலை எப்போதும் பதிகிறது. மழைச் சத்தம் முதலில் வருகிறது, மழை பிறகு வருகிறது. கிணற்றடிக் கிழவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். இப்படியே மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். மேலாளர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், "இவ்வளவு நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தங்கச்சியின் பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நித்திரைக்குப் போனேன்.

அடுத்த கிழமை தங்கச்சி எடுத்தாள். குரல் தண்ணீரில் போட்ட பப்படம் மாதிரி இருந்தது.

"தீவைத்தான் எடுக்கப்போகினம் அக்கா."

"எடுக்கிறதோ? எங்க?"

"எடுக்கிறதெண்டா, இல்லாமல் ஆக்கிறது. மற்ற ஆக்கள் பாதிக்குப் பாதி சொல்லிச்சினம். உங்கட அபிப்பிராயம்தான் ஆக விரிவாய் இருந்ததாம். அதை வச்சு முடிவெடுத்திட்டினம்."

எனக்கு விளங்கவில்லை. "நான் என்ன சொன்னனான்?"

"நீங்கள் உள்ளதைச் சொன்னனீங்கள். நான்தானே கேட்டனான்." பிறகு சொன்னாள்: "பரவாயில்லை. நான் செய்த எதுவும் உங்களுக்கு எப்பவும் பிடிச்சதில்லை. அது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே."

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாய்த்தான் வரும்.

"உனக்கென்ன விசரோ? எனக்குப் பிடிச்ச இடமே அது ஒண்டுதானே! நேற்றுப் பின்னேரமும் போனனான். அந்த ஆட்டை ஆரும் அவிழ்த்தினமோ எண்டு பாக்க!"

"அப்ப ஏன் அதைச் சொல்லேல்ல?"

"உன்ர மேலாளருக்கு முன்னால நான் உன்னைப் புகழுறதோ? நாலு பேர் பாத்துக்கொண்டு இருக்கேக்க? கண்ணூறு படாதோ?"

"மற்ற ரெண்டையும் வாய் நிறையப் புகழ்ந்தீங்கள்!"

"அது பிறத்தியார் செய்ததடி. பிறத்தியாருக்கு அப்பிடித்தான் சொல்ல வேணும்."

அவளுடைய அந்த மணல்திட்டை என் நாக்கே கடலில் தள்ளிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு முழுதாய் உறைத்தது.

"உன்ர மேலாளரோட நான் கதைக்க வேணும்," என்றேன்.

"வேண்டாம் அக்கா. வெட்கக்கேடு."

"வெட்கத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீ நேரம் கேள்."

கேட்டாள். மேலாளர் நல்ல மனுசி, ஒத்துக்கொண்டார். நான் வேலைத்தலத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆட்கள் தேத்தண்ணீர் போடுகிற சின்ன அறைக்குள் நின்று கைபேசியைப் பிடித்தேன். தங்கச்சி இணைப்பில் இருந்தாள், முகத்தைக் காட்டவில்லை.

"போன தடவை நான் சொன்னது பொய்," என்று தொடங்கினேன். மேலாளரின் புருவம் உயர்ந்தது. "தீவைப் பற்றிச் சொன்னது அல்ல. மற்ற ரெண்டைப் பற்றியும்."

நகரத்தில் நான் வாசல் தேடியதைச் சொன்னேன். குகையில் செத்துப்போய் அரிசி போட்டதைச் சொன்னேன். "எங்கட ஆக்கள் பிடிக்காத வீட்டில் போய்ச் சாப்பிட்டால் குறையே சொல்ல மாட்டோம். எல்லாம் நல்ல ருசி என்று சொல்லி, கை கழுவி, சிரித்துவிட்டு வருவோம். பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டோம். குறை சொல்கிறோம் என்றால் திரும்ப வரப்போகிறோம் என்று அர்த்தம். அடுத்த முறை உப்புச் சரியாய் இருக்க வேண்டும் என்று அர்த்தம். நான் அந்தத் தீவுக்குத் தினமும் போகிறேன். ஓநாய் முகக்காரன் ஒருவனுக்குத் தமிழ் கூடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். தீவை எடுத்தால் நான் உங்கள் விளையாட்டுப் பக்கமே வர மாட்டேன்."

மேலாளர் பேனையை எடுத்தார். "சரி. புள்ளி போடுங்கள் பார்ப்போம். பத்துக்கு எத்தனை? நகரம்?"

"பத்து."

"குகை?"

"பத்து."

"தீவு?"

நான் நன்றாக யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது. "ஆறு," என்றேன். பிறகு மனசு கேட்கவில்லை. "ஆறரை."

அந்த மனுசி வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு ஓயாமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கச்சியின் கட்டம் மட்டும் இருட்டாகவே இருந்தது.

நகரத்தைத்தான் கைவிட்டார்கள். அதைச் செய்தவர் ஆரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் உளையும். தீவுக்கு இன்னும் இரண்டு பேரை வேலைக்குப் போட்டுக் கொடுத்தார்கள். தங்கச்சி சில கிழமை என்னோடு அதிகம் கதைக்கவில்லை. வேலையோ, கோபமோ தெரியாது. நானும் நோண்டவில்லை. உள்ளுக்குள் அந்தரமாய்த்தான் இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு காலமை, புதிதாய்த் திருத்தின தீவைத் திறந்துவிட்டோம், போய்ப் பாருங்கோ என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

போனேன். கனநேரம் நின்றேன். அவளே செய்த தீவுதான், ஆனால் இப்போது ஊர் மாதிரி ஊராய் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு காலமும் நான் ஒரு நல்ல சொல் சொல்லவில்லையே என்று நினைத்தேன். இனிக் கண்ணூறாவது கத்தரிக்காயாவது என்று உடனேயே அவளுக்கு எடுத்தேன்.

"பாத்தனான். மிக அருமை. எல்லாமே நல்ல வடிவாய் இருக்கு. ஒரு பிழையும் இல்லை," என்றேன்.

அவள் சின்னக் குரலில் கேட்டாள்:

"ஏன் அக்கா? பிடிக்கேல்லையோ? இனி வரமாட்டீங்களோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது.

"ஒரு பேப்பரும் பேனையும் எடு," என்றேன். "முதல்ல உந்தக் கூரைக்கு வருவம்."