கருப்பு ரிப்பன்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணனுக்குப் 'பிணம்' என்று பட்டப்பெயர். ஆள் என்னவோ வாயாடி. வாயை மூடினால் தலை வெடித்துவிடும். ஆனால் அவ்வப்போது நடக்கும் விபத்து ஒத்திகையில் செத்தவராகப் படுக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார்.

ஒத்திகை என்றால், ஊழியர்களே அடிபட்டவர்கள் மாதிரி வாசலில் வந்து விழுவார்கள். பெரிய சிஸ்டர் மணிக்கட்டில் ரிப்பன் கட்டுவார். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறு. பச்சை என்றால் மரத்தடியில் உட்கார். கருப்பு என்றால் உயிர் இல்லை, பின்பக்கம் சைக்கிள் கொட்டகைக்கு. "முகத்தைப் பாக்காதீங்க, ரிப்பனைப் பாருங்க. முகத்தைப் பாத்தா கை ஓடாது" என்று பெரிய டாக்டர் ஒவ்வொரு தடவையும் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வார். நல்ல பாடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொட்டகைக்குப் போனவரை மறுபடி எட்டிப் பார்க்கவேண்டும் என்று எந்த மகானுக்கும் தோன்றியதில்லை. அங்கே எப்போதும் கிடப்பது நம்ம அண்ணன்தானே!

கடைசியில் அவர் மனைவி போய்த்தான் எழுப்புவார். சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவரை நாங்கள் அக்கா என்போம். "ஒத்திகை முடிஞ்சுதுங்க, எழுந்திரிங்க." அதைக் கேட்டபிறகுதான் அண்ணன் கண் திறப்பார். அக்காவுக்கு அந்த வேலையே பிடிக்காது. "விளையாட்டுக்குக்கூட இப்படிப் படுக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு" என்பார். "போடி, படுத்துக்கிட்டே பாக்குற வேலை யாருக்குக் கிடைக்கும்?" என்று அண்ணன் சிரிப்பார்.

அன்றைக்கும் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பாதியில் மூக்கைத் துளைக்கிற நெடி ஒன்று வந்தது. ஒத்திகைக்காக ஏதோ தெளித்திருக்கிறார்கள் என்று சிலர் பாராட்டக்கூடச் செய்தார்கள். பிறகு மைக்கில் பெரிய டாக்டரின் குரல் இருமிக்கொண்டே வந்தது. "ஒத்திகை ரத்து! இது நிஜம்! பக்கத்து ஐஸ் கம்பெனியில அமோனியா குழாய் வெடிச்சிருக்கு!"

பொய்யாக விழுந்து கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து அவரவர் வேலைக்கு ஓடினார்கள். கொட்டகையிலிருந்து அண்ணனும் ஓடிவந்தார். கையில் கட்டிய ரிப்பனை அவிழ்க்க யாருக்கு நேரம்?

நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றிருந்தேன். கம்பெனி வேன் ஒன்று கதவெல்லாம் மூடியபடி வந்து நின்றது. உள்ளே இருந்தவர்களின் துணியெல்லாம் அமோனியா. அண்ணன் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி இரண்டு பேரை இறக்கினார். மூன்றாம் முறை ஏறியவர் இறங்கவில்லை.

அவரை வெளியே இழுத்தவர்கள் தெருவிலிருந்து உதவிக்கு வந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று, ரிப்பனைப் பார் என்று. பார்த்தார்கள்.

அக்கா அதற்குள் எதிரே வந்தவரையெல்லாம் பிடித்து, "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இப்பத்தான் வேன்கிட்ட பாத்தேன்" என்றார்கள். வேனில் யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய சிஸ்டர், "கொட்டகைக்குப் போர்வை கொண்டுபோம்மா" என்று அனுப்பிவிட்டார்.

முதல் ஆளுக்குப் போர்த்தினார். அடுத்தவருக்கும் போர்த்தினார். மூன்றாவது ஆளின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் அக்காவே தைத்துக் கொடுத்தது.

போர்வை கையிலேயே இருந்தது. வாயில் வந்தது பழக்கத்தில் வந்த சொல்தான். "ஒத்திகை முடிஞ்சுதுங்க. எழுந்திரிங்க." கண் திறக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏங்க, முடிஞ்சுதுங்க. எழுந்திரிங்க!" அடைத்த குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல் அண்ணன் தொண்டையில் ஒரு சத்தம் கேட்டது.

அக்கா போட்ட அலறலில் ஜன்னலை விட்டு நானும் ஓடினேன். தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டு அவசரப் பிரிவுக்குத் தள்ளினோம். வாசலில் நின்ற காவலாளி குறுக்கே கை நீட்டினார். "கருப்பு உள்ள வரக்கூடாது. பின்னாடி கொண்டு போங்க."

"உசிரு இருக்குய்யா! முகத்தைப் பாருய்யா, முகத்தைப் பாரு!" என்று அக்கா கத்தினார்.

அந்த மனிதர் பார்வை மணிக்கட்டை விட்டு நகரவில்லை. சொல்லிக்கொடுத்தபடி நின்றார், பாவி. அக்கா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், இறுகிப்போயிருந்தது. சட்டென்று குனிந்து பல்லால் கடித்து இழுத்து, ரிப்பனைத் தரையில் துப்பினார். காவலாளியின் கை விலகியது.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். குரல்தான் போய்விட்டது, பேசினால் காற்று மட்டும் வருகிறது. இப்போதெல்லாம் ஒத்திகையில் கருப்பு ரிப்பனைத் தலையணைக்குத்தான் கட்டுகிறோம். கொட்டகையில் ஒரு நர்ஸ், கிடப்பவர்களை மறுபடி மறுபடி பார்ப்பதற்கென்றே உட்காருகிறார்.

மதிய இடைவேளையில் அண்ணன் சலவைக்கூடத்து பெஞ்சில் கொஞ்சம் கண் அசருவார். அதே பழைய படுக்கை, ஒரு அசைவும் இருக்காது. மடிக்கிற துணியைப் போட்டுவிட்டு அக்கா வந்து அவர் மூக்கருகே விரலை வைப்பார்.

"இருக்கேன்டி, போ" என்பார் அண்ணன் அந்தக் காற்றுக் குரலில், கண்ணைத் திறக்காமலே. அதற்குப் பிறகும் அக்கா விரலை எடுப்பதில்லை.