ஒன்பதாவது தொட்டி

குழாய்க்காரருக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. கசிகிற இடத்தை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். வாய் மட்டும் கொஞ்சம் கரடு.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஆர்க்கிட் பைத்தியம் பிடித்தது ஒரு குப்பைக்கூடையால். வேலைக்குப் போன வீட்டில், பூ உதிர்ந்து வாடின செடி ஒன்றைத் தொட்டியோடு கூடைக்குள் கவிழ்த்திருந்தார்கள். வேரைப் பார்த்தார். எல்லாம் வெந்த நூல் மாதிரி கிடந்தது. ஒன்றின் நுனியில் மட்டும் பச்சை. வீட்டுக்குக் கொண்டுவந்து, அழுகினதை நறுக்கி எறிந்து, மரப்பட்டைத் துண்டும் கரியும் போட்டு நட்டார். இந்தச் செடிக்கு மண் கூடாது என்பதே அப்போது அவருக்குத் தெரியாது, ஏதோ கை சொன்னதைச் செய்தார். ஒன்றரை வருஷம் கழித்து அது பூத்தது. அத்தோடு மனுஷன் கவிழ்ந்தார். மிச்சக் குழாய்களைப் பொருத்திப் பால்கனியில் அவரே தட்டு அடித்தார். தொட்டி பத்தொன்பது ஆனது.

காலையில் ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். மனைவி காப்பித் தம்ளரோடு வந்து நின்று, "என் முகத்தை ஒருநாளாவது இப்படித் துடைச்சி விட்டிருக்கீங்களா?" என்பாள். "நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை பூத்துக் காட்டு, துடைக்கிறேன்" என்பார்.

இந்தப் பைத்தியம் குடும்பத்திலேயே இருந்தது என்றும் சொல்லலாம். ஏழு வயது மூத்த அக்கா ஒருத்தி, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், நகரத்தின் மறுகோடியில் தனியாக இருந்தாள். அவளிடம் ஆறு செடி. அதில் வெள்ளைப் பூ பூக்கிற ஒன்று இருபத்திரண்டு வருஷமாக அவளோடு இருந்தது. புருஷன் போனதற்குப் பிறகு அவள் பேசிப் பழகின உயிர் அதுதான். அதன் மேல் தூசி தட்டக்கூட யாரையும் விடமாட்டாள். போன வருஷம் வேர் பிதுங்கித் தொட்டி விரிசல் விட்டபோது, இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். "உன் கையை நம்பித்தான்டா கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குழாய்க்காரர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, தன் செடிகளுக்குத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தார். எட்டு முடிந்திருந்தது. அக்காவுடையதை ஒன்பதாவதாக எடுத்து, பழைய வேரை வெட்டி, புதுத் தொட்டியில் நட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தொடர்ந்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து முதல் தொட்டியில் ஓர் இலை மேல் கறுப்பாகக் குழிக்கோடு விழுந்தது. தண்ணீர் தேங்கியிருக்கும் என்று நினைத்தார். அடுத்த வாரம் இரண்டாவது தொட்டியில் அதே கோடு. பிறகு மூன்றாவதில். நான்காவதிலும் வந்தபோது இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, பட்டையும் கரியும் விற்கிற கடைக்குப் போனார்.

கடைக்காரர் அதைத் தொடவில்லை. மேசை மேல் வைக்க வேண்டாம் என்றார்.

"வெட்டுற கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்புல காட்டுவீங்கல்ல?"

குழாய்க்காரர் இலையைத் திரும்பப் பைக்குள் போட்டார். கத்தியைத் தன் பேன்ட்டில்தான் துடைத்திருந்தார், பத்தொன்பது செடிக்கும், அக்கா செடிக்கும். இது வைரஸ், சாறு வழியாகப் போகும், மருந்து கிடையாது, எரிப்பதைத் தவிர வழியில்லை என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே போனார். குழாயைச் சூடுபண்ணப் பயன்படுத்தும் நெருப்புக் குழல் குழாய்க்காரரின் தோள்பைக்குள்ளேயே கிடந்தது. தினமும் அதைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறார்.

அன்றிலிருந்து அவர் எண்ண ஆரம்பித்தார். நோய் கத்தி போன வழியிலேயே அடிமேல் அடி வைத்து வந்தது. ஐந்தாவது. ஆறாவது. எரித்த இடத்தில் கறுத்த வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. அக்காவிடம் உடனே சொல்லிவிடச் சொன்னாள் மனைவி. செடி போனால்கூடப் பொறுத்துக்கொள்வாள், மறைத்தால் பொறுக்கமாட்டாள் என்றாள். அவரும் போனை எடுத்தார்.

"ஏழு மொட்டுடா இந்த வருஷம்" என்றாள் அக்கா எடுத்த எடுப்பிலேயே.

"இலையில ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமில்ல. ஏன்டா?"

"சும்மாதான்."

அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார். அந்த ஒரு செடியை நோய் விட்டுவிட்டதோ என்று ஓர் ஆசை. பூத்து முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று ஓர் ஏற்பாடு. ஏழாவது, எட்டாவது எரிந்தன. அக்காவிடமிருந்து வாராவாரம் மொட்டின் நீளம் வந்துகொண்டிருந்தது. பிறகு பத்தாவதில் கோடு விழுந்தது. இடையில் இருந்த ஒன்றைத் தாண்டி நோய் போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்ன வாய்க்கே நம்பிக்கையில்லை.

கடைக்காரரைப் பார்த்து மூன்று மாதம் ஆனபோது, பூத்துவிட்டது, வந்து பார் என்று அக்கா கூப்பிட்டாள்.

ஜன்னலோரம் வெயிலில் இருந்தது செடி. ஏழு பூ. வெள்ளை இதழ் முழுக்க ஊதா நிறத்தில் கீற்றுக் கீற்றாக, யாரோ தூரிகையை உதறினது போல.

"இருபத்திரண்டு வருஷத்துல இப்படிப் பூத்ததே இல்ல" என்றாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கட்டடமே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். மாடி வீட்டு டீச்சர் ஆசைப்பட்டுக் கேட்டாளாம், முந்தாநாள்தான் அக்கா அடியிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாளாம். அதே கையோடு, அதே கத்தியால் தன் மற்ற ஐந்து செடிகளையும் பிரித்து நட்டுவிட்டாளாம்.

குழாய்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். பூவின் அழகே நோய்தான் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெரியாமலே சொன்னார், முழுவதையும், கத்தியிலிருந்து கறுப்பு வட்டம் வரை.

அக்கா அழவில்லை. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கேட்டுப் பழகின காதோடு கேட்டாள். ஒன்று மட்டும் கேட்டாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மூணு மாசமா."

"நான் மொட்டு அளந்து சொன்னப்பல்லாம் தெரியும்."

"தெரியும்க்கா."

அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். டீச்சரிடம் அவனே வந்து சொல்லவேண்டும் என்றாள். தம்பி என்றும் கூப்பிடவில்லை, டேய் என்றும் கூப்பிடவில்லை. இரண்டு மாடி ஏறும்வரை முன்னால் போனவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

டீச்சர் கதவைத் திறந்தாள். ஒரு கையில் கத்தி, விரல் முழுக்கப் பட்டைத்தூள். பின்னால் கூடம் பூராவும் செய்தித்தாள் விரித்து, தொட்டிகள் வரிசையாக நின்றன. நேற்று அந்தத் துண்டை நட உட்கார்ந்தவள், உட்கார்ந்தது உட்கார்ந்தாச்சு என்று தன் ஆர்க்கிட் எல்லாவற்றுக்கும் வேர் வெட்டித் தொட்டி மாற்ற ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். சந்தோஷமாக வழிவிட்டு நின்றாள்.

குழாய்க்காரர் வாசலைத் தாண்டவில்லை.

"எத்தனை முடிஞ்சுதும்மா?"

"முப்பத்தொண்ணு" என்றாள் டீச்சர். "இன்னும் நாலே நாலுதான்."