ராசாத்திக்கு விழுந்த தாயம்

நான்தான் மூடினேன். ராசாத்தி அனுப்பிய புகார்களை, ஒன்று விடாமல், நான்கு வருடமாக, தெரிந்தே மூடினேன்... இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

என் பிழைப்பு அது. இணையத்தில் தாயமும் பல்லாங்குழியும் ஆடவைக்கும் ஒரு நிறுவனத்துக்கு வரும் தமிழ்ப் புகார்களை, போடியில் வீட்டிலிருந்தபடியே படித்துப் பதில் எழுதுகிறேன். மெய்யான கோளாறு என்றால் பொறியாளர்களுக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மூடிவிடலாம். நான் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் என்று மட்டும்தான் ராசாத்திக்குத் தெரியும்.

அவள் என் பள்ளித் தோழி. மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். தினமும் மாலையில் நாங்கள் இருவரும் அந்தத் தளத்தில் தாயம் ஆடுவோம். எங்களுக்குள் ஒரு விதி உண்டு. வாரத்தில் அதிக ஆட்டம் தோற்றவள், ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான்கு வருடத்தில் நான் மலையேறியது இரண்டே தடவை!

என் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் தோட்டம் எல்லையில் இருக்கிறது. மழை இறங்கினால் அவள் போன் நம் டவரை விட்டுக் கேரளத்து டவருக்குத் தாவும். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும் அல்லவா? டவர் தாவும் நொடியில் விழுந்த தாயம் அவள் திரையில் தெரியும், ஆட்டத்தில் பதியாது. இணைப்பு திரும்பும்போது முறை எனக்கு வந்திருக்கும்.

எனக்கு நிச்சயமாகத் தெரியும். முதல் வருடமே, இரண்டாவது தடவை போனபோது, எல்லையிலுள்ள போடிமெட்டில் மழைக்குள் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, முகந்தெரியாத ஒருவரோடு என் போனிலேயே ஆடிப்பார்த்தேன். விழுந்த தாயம் கண்ணெதிரே காணாமல் போனது.

இரண்டு வரி எழுதியிருந்தால் போதும், சரிசெய்திருப்பார்கள். எழுதினேனா? ‘தங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று எழுதி மூடினேன். அவளுடையதை மட்டும் மூடினால் சந்தேகம் வருமே என்று, அதே குறையைச் சொன்ன மற்றவர்களுடையதையும் மூடினேன். நாலு வருசமா இதே பதிலா, நீங்களெல்லாம் மனுசங்கதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கும் அதே பதில்தான்!

ஏன் என்கிறீர்களா? மகள் கல்யாணமாகிப் போனபின் இந்த வீட்டில் நான் மட்டும்தான். நான் மலைக்குப் போகலாமே என்பீர்கள்... அங்கே மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று அவள் எல்லோருக்கும் பொது. இங்கே வந்தால் எனக்கு மட்டும். அடுப்படியில் குந்திக்கொண்டு என் நெய்ச்சோற்றில் உப்புக் குறைகிறது என்பாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். அல்லாஹ் அறிய, இத்தனை நிறைவாக நான் ஒருநாளும் இருந்ததில்லை!

ஒருமுறை அந்தப் பதிலை எனக்கே காட்டினாள். “பாருடி நூரு, எம்புட்டு மரியாதையா எழுதிருக்கான்” என்றாள். நானும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். வெட்கங்கெட்டவள்!

போன ஞாயிறும் வந்தாள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு மெதுவாகச் சொன்னாள். “இனிமே புகாரு எழுத மாட்டேன்டி. மெசினு மேல குத்தமில்ல. விழாத தாயம் விழுந்த மாதிரி எனக்குத்தான் தெரியுது. எங்க ஆத்தாளுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு போல.”

அவள் அம்மா கடைசிக் காலத்தில், பெற்ற மகளையே யாரென்று கேட்டவர். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் தாயம் விழுந்தது மெய்தான்டி என்று... வாயைத் திறந்து என்ன கேட்டேன் தெரியுமா? இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

தேனியில் மூளை டாக்டரிடம் காட்டப் போகிறாளாம். மகனிடம் சொல்லப் பயம். “நீ தொணைக்கு வர்றியாடி?” என்றாள். வர்றேன் என்றேன்.

மலையில் மழை பிடித்திருக்கிறது. இன்றைய ஆட்டத்தில் அவளுக்கு ஒரு தாயமும் விழவில்லை என்கிறது என் திரை. புகார்ப் பெட்டியில் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி சொல்லிவிட்டேன்.