சகலன்மார் கதைக்காத காலம்

“மதிப்புக்குரிய பங்களிப்பாளருக்கு, தங்கள் திருத்தத்தின் கடைசி வரியைத் தாங்களே ஒருமுறை வாசித்துப் பார்த்தீர்களா?” என் பெரியக்காவின் கணவரான பெரியத்தான் எழுதிய இந்த வாசகம் இணையத்தில் இன்னும் அப்படியே கிடக்கிறது. மதிப்புக்குரிய பங்களிப்பாளர் வேறு யாருமல்லர், என் சின்னக்காவின் கணவரான சின்னத்தான்.

இரண்டு அத்தான்மாரும் சேர்ந்து தொடங்கிய மென்பொருள் அது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழை இன்றைய கணினிகள் படிக்கும் எழுத்துக்கு மாற்றித் தரும். காசு கிடையாது. அதை இயக்கும் கணினி நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது, எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம். கோயில் விழா மலர் அச்சடிப்பவர்களும் சாப்பாட்டுக்கடைக்காரரும் அதை நம்பியிருந்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துச் சரி சொன்ன பிறகே சேர்க்க வேண்டும் என்ற விதியை வைத்தவள் நான். மிசிசாகாவில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள்களைச் சோதிப்பது என் தொழில். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அத்தான்மார் என் சொல்லைக் கேட்பார்கள்.

சின்னத்தான் பிறம்ரனில் வீடு வாங்கிக் குடிபூரல் வைத்த அன்று, வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, பெரியத்தான் வீட்டின் அடியிலிருந்த பேஸ்மென்ற்றுக்குள் இறங்கி மூக்கை உறிஞ்சி, “தம்பி, சுவருக்குள்ளை ஈரம் நிக்குது போலை கிடக்கு” என்றார். அத்தோடு இருவருக்குமிடையே பேச்சு நின்றது. டோர்செட் பார்க்கில் பெரியக்காவும் பிறம்ரனில் சின்னக்காவும் புருஷன்மார் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தொலைபேசியில் அழுதார்கள்.

ஆனால் மென்பொருளைக் கைவிட இருவருக்குமே மனமில்லை. விதியும் இருந்தது. ஆகவே முகம் பார்க்காத இருவரும் ஒருவர் நிரலை மற்றவர் வாசித்தார்கள். எப்படி வாசித்தார்கள்! காணி வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் உறுதிப் பத்திரத்தை வாசிப்பதுபோல. “நிரலில் இட்ட இந்தப் பெயரின் பொருள் எழுதியவருக்கு மட்டுமே விளங்கும் போலும்” என்று ஒருவர் எழுதுவார். “விளங்க விரும்புவோருக்கு விளங்கும்” என்று மற்றவர். அந்தக் காலத்தில் எனக்குத் தெரிய ஒரு பிழைகூட வெளியே போகவில்லை. என் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வாசிப்பவர்கள்கூட அவ்வளவு கவனமாக வாசித்து நான் கண்டதில்லை. நிரலை வாசிக்க அன்பைவிடக் கோபமே நல்ல மூக்குக்கண்ணாடி என்று நினைத்துக்கொண்டேன்.

பனி உருகிய ஒரு கிழமை, பிறம்ரன் வீட்டு பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சின்னக்கா அழுதபடி எடுத்த அழைப்புக்கு, பெரியத்தான் ஒரு பம்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்தார். ஈரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொல்லாமல் விட்ட அந்தச் சொல்தான் சின்னத்தானை இளக்கியது. “அண்ணை, சாப்பிட்டிட்டுப் போங்கோ” என்றார்.

உறவு நிலைக்க வேண்டுமென்றால் குறை சொல்லக்கூடாது என்று பெரியத்தான் அன்று முடிவு கட்டிவிட்டார். வீட்டுக்கு அது சரி. அவரோ நிரலுக்கும் அதையே கடைப்பிடித்தார். “அருமை தம்பி.” “நன்றி அண்ணை.” மதிப்பாய்வு அவ்வளவில் முடிந்தது.

சாப்பாட்டுக்கடைக்காரர் தம் பழைய விலைப்பட்டியலை மாற்றி, பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சின்னத்தானின் புதிய திருத்தம், கொம்பும் அரவு என்ற துணைக்காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் கொம்பை விழுங்கியிருந்தது. சோறு சாறாகிவிட்டது, தோசை தாசையாகிவிட்டது.

“அண்ணை, காத்துராட்டி எண்டால் என்ன எண்டு சனம் கேக்குது” என்று கடைக்காரர் பெரியத்தானை அழைத்துக் கேட்டார். “நான் என்னத்தைச் சொல்ல?”

கொத்துரொட்டிதான் அப்படி ஆகியிருந்தது.

“அத்தான், உந்தத் திருத்தத்தை வாசிச்சனீங்களோ?” என்று பெரியத்தானிடம் கேட்டேன்.

“தம்பி எழுதினதை வாசிச்சுப் பாத்தே ஓம் சொல்லுறது?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். சின்னத்தான் பிழை தன்னுடையது என்றார். பெரியத்தான் இல்லை, தன்னுடையது என்றார். பழியை இருவரும் போட்டி போட்டு ஏற்றுக்கொண்டதில் பிழையைத் தேட ஆளில்லாமல் போயிற்று.

மறுபடி சண்டை மூட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அக்காமாரை நினைத்து அந்த யோசனையைக் கைவிட்டு, தானாக ஓடும் சோதனைகளை எழுதினேன். சில நூறு சொற்களும் அவை எப்படி மாற வேண்டும் என்பதும் உள்ளே இருக்கும். யார் எதைத் திருத்தினாலும் இயந்திரம் அத்தனையையும் மாற்றிப் பார்க்கும். ஒரு சொல் பிசகினாலும் சிவப்புக் காட்டும். சின்னத்தானின் அடுத்த திருத்தத்துக்கே சிவப்பு விழுந்தது.

“உதுக்கு ஒரு மரியாதை தெரியாதே?” என்று அவர் கொதித்தார்.

“தம்பி எழுதினது சரி. மிஷின்தான் பிழை” என்றார் பெரியத்தான், பார்க்காமலே.

இயந்திரத்தைப் பொய்யாக்குவதற்காக, வந்த ஞாயிறு இருவரும் பிறம்ரன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே மடிக்கணினியின் முன்னால் அமர்ந்தார்கள். சகோதரிகள் மூவரும் குசினிக்குள் நின்றோம். இயந்திரத்தைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் நிரலை வாசித்தாக வேண்டும். வரி வரியாக வாசித்தார்கள். திடீரென்று பெரியத்தானின் குரல் எழுந்தது.

“தம்பி, உந்த இடம் பிழையெல்லோ?”

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பெரியக்காவின் கை நின்றது. சின்னக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்னத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

“ஓம் அண்ணை, பிழைதான்” என்றார் கடைசியில். “ஆனா அதுக்கு மேலை நீங்கள் எழுதினது இதைவிடப் பெரிய பிழை.”

“எங்கை, காட்டும் பாப்பம்.” பெரியத்தான் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்.

சின்னக்கா என் கையை விட்டாள். “இண்டைக்கு இவை எழும்பமாட்டினம்” என்று சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து வைத்தாள். “வாங்கோ, நாங்கள் சாப்பிடுவம்.”