ஒடிந்த ஸ்டீயரிங்

கோவை கணபதியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அன்புச்செல்விக்கு முப்பத்தாறு வயது. கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டீயரிங் செய்வது அவள் வேலை செய்த பட்டறையின் தொழில். அதன் பின்னால் பொருத்தும் மோட்டார், நிஜக் காரைப் போலவே கையை வெடுக்கென்று இழுக்கும். அந்த இழுப்பை நடுவிலுள்ள அலுமினியத் தட்டுதான் தாங்கும்.

முதலாளி மதன்குமார் அந்தத் தட்டைப் பிளாஸ்டிக்காக மாற்றினார். மேலே கார்பன் போலத் தெரியும் ஸ்டிக்கர், சுற்றிலும் சிவப்பும் நீலமுமாக விளக்குகள்.

"தாங்காதுங்க. முறுக்கிப் பாத்தேன், விரிசல் உடுது" என்றாள்.

"வாங்கறவங்க லைட்டைத்தான் பாப்பாங்க அன்பு. நீ மாட்டு."

மாட்டினாள்.

அவிநாசி ரோட்டில் நடந்த கண்காட்சிக்கு மதன்குமாரும் அன்புச்செல்வியும் அந்த ஸ்டீயரிங்கைக் கொண்டுபோய் வைத்தார்கள். பொள்ளாச்சியிலிருந்து அண்ணன் கதிரோடு வந்த ரித்திகா அதன் முன் உட்கார்ந்து ஓட்டினாள். மூன்றாவது சுற்றில் திரையில் கார் சுவரில் மோதியது. மோட்டார் வெடுக்கென்று இழுக்க, பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்தது. ரித்திகாவின் கட்டைவிரல் பின்னால் மடங்கி முறிந்தது. உடைந்த விளிம்பு உள்ளங்கையைக் கிழித்ததில் திரையெல்லாம் ரத்தம்.

கதிர் மதன்குமாரின் முகத்தில் குத்தினான். பல் தெறித்தது.

"நானில்லீங்க! செஞ்சது அவ!" என்று மதன்குமார் அன்புச்செல்வியைக் காட்டினார்.

கதிர் இடது காதோடு விட்ட அறையில் அவள் சுருண்டு விழுந்தாள். தரையிலிருந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது: மோட்டார் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. ரித்திகாவின் துப்பட்டா அதில் சுற்றி, கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் பிதுங்கின.

அன்புச்செல்வி தவழ்ந்தாள். கதிரின் பூட்ஸ் கால் முதுகில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது.

"அடிக்கறதுன்னா அப்பறம் அடிங்க! மோட்டாரை நிறுத்தோணுமுங்க!"

விலா எலும்பு முறிந்த வலியோடு ஒயரைப் பிடித்து இழுத்தாள். மோட்டார் நின்றது. ரித்திகா இருமிக்கொண்டு சரிந்தாள். அப்போதுதான் கதிர் தங்கையின் கழுத்தைப் பார்த்தான். ஓங்கிய கால் அப்படியே நின்றது.

காவல் நிலையத்தில் மதன்குமார், தனக்கு எதுவும் தெரியாது என்றார். அன்புச்செல்வி மறைக்கவில்லை.

"ஒடையும்னு அவருகிட்டச் சொன்னனுங்க. ஒடையும்னு தெரிஞ்சேதான் நானும் மாட்டுனேன். அதையும் எழுதிக்கங்க."

வழக்கு இன்னும் நடக்கிறது. ரித்திகாவின் கட்டைவிரல் மடங்குவதில்லை. அன்புச்செல்வி இப்போது வேறொரு பட்டறையில் பம்புத் தண்டு கடைகிறாள். இடது காது கேட்பதில்லை என்பதால், பேச வருகிறவர்கள் வலப்பக்கம் வந்து நிற்கிறார்கள்.